ஐந்தரை இலட்சத்தில் எழுந்த வீடுகள்

வன்னியில் வீடமைப்பு வேலைக்குப் புதிதாக வரும் ஓர் உத்தியோகத்தருக்குக் கைகொடுக்கக்கூடியவை கொஞ்சமல்ல. தொண்டு நிறுவனங்கள் விட்டுச்சென்ற வழிகாட்டிகள், வீட்டு வரைபடங்கள், மண்கல் அழுத்தும் இயந்திரங்கள், பயனாளிகளைத் தெரிவு செய்யும் புள்ளி முறைகள், கிராமக் குழுக்களை நடத்திப் பழகிய மனிதர்கள் என்று எவ்வளவோ இருக்கின்றன. 2009இல் போர் முடிந்த பிறகு கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வவுனியாவும் இவை எல்லாவற்றையும் பார்த்துவிட்டன. எதை அப்படியே எடுக்கலாம், எதைத் திருத்தி எடுக்க வேண்டும், எதைத் தொடவே கூடாது என்பதை அந்த வீடுகளில் இன்று குடியிருப்பவர்களின் அனுபவத்தை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டியது இந்திய வீட்டுத்திட்டம். மொத்தம் 50,000 வீடுகள்; அவற்றில் 46,000 வடக்கு கிழக்குக்கு. முன்னோடிக் கட்டமாக முதல் 1,000 வீடுகளை ஒப்பந்தகாரர்கள் கட்டிக் கொடுத்தார்கள். 2012 அக்டோபர் 2ஆம் திகதி தொடங்கிய இரண்டாம் கட்டத்தில் முறையே மாறியது. வீட்டுக்கு 5,50,000 ரூபாய், குடும்பத்தின் வங்கிக் கணக்குக்கே தவணை தவணையாக வந்தது. அத்திவாரம் முடிந்ததைத் தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து பார்த்து உறுதி செய்தால் அடுத்த தவணை. சுவர் எழுந்தால் அதற்கடுத்தது. யூ.என். ஹபிடாட், செஞ்சிலுவைச் சம்மேளனம், ஹபிடாட் போர் ஹியுமானிட்டி, தேசிய வீடமைப்பு அதிகார சபை ஆகியவை மேற்பார்வை பார்த்தன. மேசனைப் பிடிப்பது, சல்லியும் மணலும் பேரம் பேசி இறக்குவது, வாசலை எந்தத் திசையில் வைப்பது என்பதெல்லாம் குடும்பத்தின் கையில்.

இந்த முறை வெளியிலிருந்து வந்த புதுமையன்று. 1984இல் தொடங்கிய பத்து இலட்சம் வீட்டுத்திட்டத்தில் இலங்கையின் தேசிய வீடமைப்பு அதிகார சபை வகுத்த பாதை இது. அரசு வீட்டைக் கட்டுவதைக் குறைத்துக்கொண்டு, மக்கள் கட்டுவதற்குத் துணைநிற்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை. கிராமத்தவர் கூடியிருந்து தேவைகளை வரிசைப்படுத்தித் திட்டமிடும் பட்டறைகளும், சிறிய வேலைகளை வெளி ஒப்பந்தகாரருக்குக் கொடுக்காமல் ஊர்ச் சங்கத்துக்கே கொடுக்கும் சமூக ஒப்பந்தமும் அந்தக் காலத்தில்தான் வேரூன்றின. அந்த ஆண்டுகளிலேதான் வடக்கைப் போர் சூழ்ந்தது. கால் நூற்றாண்டு கழித்து, உள்ளூர் வீதி, முன்பள்ளி, பொதுநோக்கு மண்டபம் என்று கிராம அபிவிருத்திச் சங்கங்களும் மாதர் சங்கங்களும் எடுத்துக் கட்டிய வேலைகளாக அது வன்னிக்கு வந்து சேர்ந்தது.

இந்த முறையின் வலு 2016இல் தெரிந்தது. அப்போதைய அரசு வடக்கு கிழக்குக்கு 65,000 உருக்கு வீடுகளை ஆர்சிலர் மிட்டல் நிறுவனத்தின் மூலம் பொருத்தித் தர முன்வந்தது. ஒன்றின் செலவு ஏறக்குறைய 21 இலட்சம் ரூபாய். மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பொறியியலாளர்கள் மாதிரி வீட்டைப் பரிசோதித்து அத்திவாரம், துருப்பிடித்தல், காற்றோட்டம் ஆகியவற்றில் குறை கண்டார்கள். ஊர் மக்களின் கேள்விகள் இன்னும் எளிமையானவை. விறகடுப்பை எங்கே வைப்பது? பிள்ளைக்குக் கலியாணமானால் ஓர் அறையை எப்படிக் கூட்டுவது? தகடு பழுதானால் எந்த மேசன் வந்து பார்ப்பான்? அந்தத் திட்டம் அந்த வடிவில் நடைமுறைக்கு வரவில்லை. அதை எதிர்த்தவர்களுக்குத் துணிவு தந்தது, கல்வீட்டைத் தாங்களே மேற்பார்வை பார்த்துக் கட்டி முடித்த ஆயிரக்கணக்கான குடும்பங்களின் அனுபவம். ஒரு வீட்டுக்கு என்ன செலவாகும் என்பது அவர்களுக்குப் பைசாக் கணக்கில் தெரிந்திருந்தது. எந்தக் கையேட்டாலும் ஊருக்குக் கொடுக்க முடியாத அறிவு அது.

இதுவரை சொன்னவையெல்லாம் இந்த முறைக்குச் சாதகமானவை. ஆனால் நிறுவனங்களின் அறிக்கைகள் இவ்விடத்திலேயே நின்றுவிடுகின்றன, அதுதான் பிழை. கூரை போட்ட அன்று எடுத்த புகைப்படத்தோடு வீட்டின் கதை முடிவதில்லை.

550 சதுர அடி வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் என்பது எல்லாக் குடும்பத்துக்கும் ஒரே தொகை. வளர்ந்த இரண்டு ஆண்பிள்ளைகள் உள்ள வீட்டில் அத்திவாரம் வெட்டவும் கல் அரியவும் கூலி கொடுக்க வேண்டியதில்லை. கணவனை இழந்து சிறு பிள்ளைகளோடு இருக்கும் பெண்ணும், ஷெல்லடியில் காலை இழந்தவரும் ஒவ்வொரு வேலைக்கும் கூலி கொடுத்தாக வேண்டும். இறக்கிய சீமெந்தை இரவில் காவல் காப்பதற்குக்கூட ஆள் தேட வேண்டியிருந்தது. ‘உரிமையாளர் தானே கட்டும் முறை’ என்ற பெயரில் உடலுழைப்பு ஓர் எழுதாத பங்களிப்பாகக் கணக்கில் சேர்ந்திருந்தது. அந்தப் பங்களிப்பைத் தர முடியாதவர்களே போரில் அதிகம் இழந்தவர்கள்.

தவணையிலும் சிக்கல். முதல் தவணைக்கு அத்திவாரம் போட்டு, உத்தியோகத்தர் வந்து பார்த்து, அடுத்த பணம் வருவதற்குள் ஐப்பசி மழை பிடித்துவிட்டால் வேலை நின்றுபோகும். நிற்கக்கூடாது என்று நினைத்தவர்கள் நகையை அடகு வைத்தார்கள். ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான வீடுகள் எழும்பியபோது மேசன் கூலியும் மணல் விலையும் ஏறின. தொகை அப்படியே நின்றது. வரைபடத்துக்கு மேலே ஒரு விறாந்தையோ ஓர் அறையோ கூட்டிக் கட்டியவர்களையே கடனுக்குக் காரணமாகச் சொல்வோர் உண்டு. அதில் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் எங்கள் பகுதிகளில் வீடு பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போகும் சொத்து என்பதை அறிந்தவர்கள் அந்த ஓர் அறையை ஆடம்பரம் என்று சொல்லமாட்டார்கள். கொழும்பிலிருந்து இயங்கும் வறுமை ஆராய்ச்சி நிலையம் யாழ்ப்பாணம், கிளிநொச்சி மாவட்டங்களில் வீட்டுத்திட்டப் பயனாளிகளின் கடன் நிலையைத் தனியாகவே ஆராய வேண்டி வந்தது. இந்த வேலைக்கு வரும் எவரும் முதலில் படிக்க வேண்டியது அந்த ஆய்வைத்தான் என்பது என் கருத்து. கட்டுமானக் கையேடு அதற்குப் பிறகு. நுண்கடன் கம்பனிகள் வன்னிக் கிராமங்களுக்குள் ஆழமாக இறங்கியதும் இதே ஆண்டுகளில்தான். 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் பட்ட ஓர் இலட்சம் ரூபாய்வரையான நுண்கடன்களை அரசே தள்ளுபடி செய்ய நேர்ந்தது.

புள்ளி முறையிலும் ஓர் ஓட்டை. குடும்ப அங்கத்தவர் தொகைக்குப் புள்ளி கூடியதால், போரில் பிள்ளைகளைப் பறிகொடுத்துத் தனித்துப்போன முதியவர்கள் பட்டியலின் அடியில் தங்கினார்கள். ஆள் குறைந்ததற்குக் காரணம் என்ன என்று படிவம் கேட்கவில்லை.

மண்கல்லைப் பற்றியும் ஒரு சொல். ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியில் ஹபிடாட் போர் ஹியுமானிட்டியும் வேர்ள்ட் விஷனும் முல்லைத்தீவு, கிளிநொச்சி, மட்டக்களப்பு மாவட்டங்களில் நடத்திய திட்டத்தில் அழுத்திய மண்கற்களைப் பயன்படுத்தினார்கள். ஊரில் கிடைக்கும் கிரவல் மண்ணைச் சலித்து, சிறிதளவு சீமெந்து கலந்து, இயந்திரத்தில் அழுத்தி, நிழலில் ஈரம் காயவிடாமல் வைத்து எடுக்கும் கல் அது. சூளை வேண்டாம், வெளிப்பூச்சும் பெரும்பாலும் வேண்டாம், ஆற்றுமணலும் மிச்சம். இலங்கைத் தரநிர்ணயம் எஸ்.எல்.எஸ். 1382 இதற்கென்றே இருக்கிறது. தொழில்நுட்பமாக எனக்கு இதில் குறையில்லை. ஆனால் பத்து வருடம் தகரக் கொட்டிலில் இருந்த குடும்பத்திடம் மண்ணில் கட்டச் சொன்னால், மறுபடியும் மண்வீடா என்ற கேள்வி எழும். அந்தக் கேள்வியை அறியாமை என்று தள்ளக்கூடாது. ஒரு முன்பள்ளியையோ சங்கக் கட்டடத்தையோ முதலில் அதில் கட்டி, இரண்டு மாரி தாங்கியதை ஊர் கண்ணால் கண்ட பிறகு வீட்டுக்குக் கொண்டுபோவதுதான் முறை. இயந்திரமும் திட்டம் முடிந்ததும் லொறியில் ஏறிப்போகாமல் ஊரில் நிற்க வேண்டும். இல்லையென்றால் சமையலறை கூட்டிக் கட்டப் போகும்போது பொருந்தும் கல் கிடைக்காது.

காணியை விட்டுவிட்டு வீட்டைப் பேச முடியாது. 2012 செப்டம்பரில் மெனிக் பாம் முகாம் மூடப்பட்டபோது கேப்பாப்புலவு மக்கள் சீனியாமோட்டையில் இறக்கப்பட்டார்கள். சொந்தக் காணி அப்போது இராணுவத்தின் கையில் இருந்தது. அங்கே எந்த நல்ல வரைபடத்தாலும் பயனில்லை. அந்த மக்கள் 2017இல் வீதியோரம் நடத்திய தொடர் போராட்டத்தில் கேட்டது சொந்தக் காணியை.

ஆகவே என் தீர்ப்பு இது. உரிமையாளர் கட்டும் முறையும், கிராமக் குழுவும், சமூக ஒப்பந்தமும் வன்னியில் சோதித்துத் தேறியவை. இவற்றைக் கைவிட்டு ஆயத்த வீட்டுக்குப் போவதற்கு நியாயமே இல்லை. ஆனால் ஒரே தொகை என்ற விதியைக் கைவிட வேண்டும். 2021 தொடக்கத்தில் ஆயிரம் ரூபாய் அளவில் நின்ற சீமெந்துப் பை 2022இல் மூவாயிரத்தைத் தாண்டியது. விலையோடு சேர்ந்து ஏறாத உதவி குடும்பத்தைக் கடனில்தான் தள்ளும். மலையகத்தில் இந்தியா கட்டும் அடுத்த 10,000 வீடுகளுக்குத் தொகையை 28 இலட்சமாக உயர்த்த வேண்டி வந்ததே இதற்குச் சான்று. உடலுழைப்புத் தர முடியாத குடும்பத்துக்குக் கூலிப் பணம் தனியாக வேண்டும். தொடங்கிய திட்டம் ஆட்சி மாறினாலும் நிற்கக்கூடாது. 2019 இறுதியில் தவணை நின்று, தேசிய வீடமைப்பு அதிகார சபையின் அரைச்சுவர் வீடுகளில் மாட்டிக்கொண்டவர்கள் மன்னாரிலும் வவுனியாவிலும் இருந்தார்கள். மேற்பார்வைப் படிவத்தில் அத்திவாரம், சுவர், கூரை என்ற நிரல்களுக்குப் பக்கத்தில், இந்த வீட்டுக்காக யாரிடம் எவ்வளவு கடன் என்று ஒரு நிரல் சேர்க்க வேண்டும். அந்த நிரலைக் கூரை போட்ட அன்றும், இரண்டு வருடம் கழித்தும் நிரப்பாமல் எந்த நிறுவனமும் தன் வீட்டை முடிந்த வீடு என்று எழுதக்கூடாது.