அஞ்சியவளின் சாட்சியம்

பிரான்சில் 1792 ஆகஸ்ட் 10-இல் முடியாட்சி கவிழ்ந்தது. செப்டம்பரில் குடியரசு பிறந்தது. 1793 ஜனவரி 21-இல் மன்னர் பதினாறாம் லூயி கொலையுண்டார். ஆயினும் கில்லட்டினின் பசி அடங்கவில்லை. பாரிசில் ‘கவிழ்க்கப்பட்ட அரியணைச் சதுக்கம்’ எனப் பெயர் மாற்றப்பட்டிருந்த திடலில், 1794 ஜூலை 17 அன்று கொம்பியேன் நகரின் கார்மேல் மடத்தைச் சேர்ந்த 16 பேர் தலை கொடுத்தனர். பத்தாம் நாள் ரோபஸ்பியரின் ஆட்சியும் வீழ்ந்தது.

இவ்வரலாற்றை ஜெர்மன் எழுத்தாளர் கெர்ட்ரூட் ஃபான் லெ ஃபோர்ட் 1931-இல் குறுநாவலாக்கினார். அதைத் திரைப்படமாக்க எண்ணியோருக்காக ஜார்ஜ் பெர்னானோஸ் எழுதியதே ‘கார்மேல் கன்னியரின் உரையாடல்கள்’. 1948-இல் தம் இறுதி நோயின் நிழலில் அதனை முடித்தார். மறு ஆண்டு நூல் வெளிவந்தது.

மறைசாட்சியரின் வீரத்தைப் பாடுவதே நம் மரபு. பெர்னானோஸோ அச்சத்தைத் தம் பொருளாகக் கொள்கிறார். கதைத்தலைவி பிளான்ஷ் வரலாற்றில் இல்லாதவள். எதைக் கண்டாலும் நடுங்கும் பிரபு குலப் பெண். அவளை மடத்தில் ஏற்றுக்கொண்ட தலைவி தெ குருவாசி அம்மையார் நோய்ப்படுக்கையில் மரண பயத்தால் கதறி இறக்கிறார். உண்மையில் அந்த அம்மையார் கொலைமேடையில் உயிர்நீத்த பதினாறு பேருள் ஒருவர். மறைசாட்சி ஒருவரை இவ்வாறு காட்டலாமா எனும் கேள்வி எழுவது இயல்பே.

அதற்கு விடை இளங்கன்னி கொன்ஸ்தான்ஸின் பேதைமை நிறைந்த பேச்சில் இருக்கிறது: தலைவிக்கு வேறொருவருடைய மரணம் தவறுதலாக வந்துவிட்டதாம், அந்த வேறொருவர் தம் முறை வரும்போது எளிதாக இறப்பாராம். இறுதியில், மடத்தைவிட்டு ஓடியிருந்த பிளான்ஷ் கூட்டத்தினின்று வெளிப்பட்டு, முகத்தில் அச்சத்தின் சாயலின்றி மேடை ஏறுகிறாள். ‘புனிதர்களுடைய சமூக உறவை நம்புகிறேன்’ என நாம் வாயால் அறிக்கையிடும் உண்மை இங்கே கதையின் உயிர்முடிச்சாகிறது. வரலாற்றை மாற்றியதன் நியாயமும் இதுவே.

எனினும் படைப்பில் ஒரு குறை உண்டு. பிளான்ஷின் தாய், வண்டியைச் சூழ்ந்த கூட்டத்தால் அதிர்ச்சியுற்று, அவளைப் பெற்றதும் இறக்கிறாள். ஆக, மக்கள் நமக்கு முதலில் அறிமுகமாவதே அச்சத்தின் உருவாகத்தான். அவர்கள் ஏன் சினந்தனர்? ரொட்டி விலையும், பிரபுக்களுக்கும் மேல்நிலைக் குருகுலத்துக்கும் இருந்த வரிச்சலுகைகளும் நூலில் போதிய இடம் பெறவில்லை. 1789 ஜூனில் மூன்றாம் அவையோடு முதலில் சென்று சேர்ந்தோர் ஏழைப் பங்குக்குருக்கள் என்பதையும் வாசகர் அறியார். மடத்தின் சாளரம் வழியே மட்டும் புரட்சியைப் பார்த்தால், திருச்சபையின் துயரத்தையும் அரியணையின் துயரத்தையும் ஒன்றெனக் கருதும் ஆபத்து உண்டு.

அச்சதுக்கத்தில் ஆறு வாரங்களில் 1300-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் சாதாரண குடிமக்கள். கன்னியரின் உடல்கள் அவர்களோடு பிக்பஸ் புதைகுழிகளில் கலந்து கிடக்கின்றன. 2024 டிசம்பர் 18-இல் திருத்தந்தை பிரான்சிஸ் இக்கன்னியரைப் புனிதர் வரிசையில் சேர்த்தார். நாட்டின் அமைதிக்காக நாள்தோறும் தம்மை ஒப்புக்கொடுத்தவர்கள் அவர்கள். அந்த வேண்டுதலில், பெயர் அறியாத அந்த ஏழைகளுக்கும் பங்குண்டு என்ற நினைவோடு இந்நூலை வாசிப்பதே தகும்.