தசை பெருக்கும் ஊசியும் இதயத்தின் வலுவும்

கை கால் தசையைப் பெருக்கும் டெஸ்டோஸ்டிரோன் இதயத் தசைக்கும் வலு சேர்க்குமா? இதயத் தசைச் செல்களிலும் ஆண் ஹார்மோனை ஏற்கும் ஏற்பிகள் உண்டு. ஆய்வகத்தில் ஹார்மோன் பட்டதும் அந்தச் செல்களும் பருக்கின்றன. ஆனால் பருத்த இதயமெல்லாம் வலுத்த இதயம் அல்ல.

இதில் கனமான சான்று, ஏரன் பேகிஷ், ஹாரிசன் போப் உள்ளிட்ட அமெரிக்க ஆய்வாளர்கள் 2017இல் ‘சர்குலேஷன்’ இதழில் வெளியிட்டது. எடை தூக்கிப் பயிற்சி செய்யும் ஆண்கள் 140 பேர். அவர்களில் 86 பேர் மொத்தத்தில் இரண்டு ஆண்டுகளாவது டெஸ்டோஸ்டிரோன் வகையான அனபாலிக் ஸ்டீராய்டு எடுத்தவர்கள், 54 பேர் தொடாதவர்கள். இடது கீழறை ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடமுள்ள ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை வெளியே தள்ளுகிறது என்று எக்கோவில் அளந்தார்கள்; நோயாளிகளிடம் ‘பம்பிங்’ என்று சொல்வார்களே, அதுதான். தொடாதவர்களுக்குச் சராசரி 63, எடுத்தவர்களுக்கு 52. அப்போதும் எடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு 49, நிறுத்தியிருந்தவர்களுக்கு 58. துடித்தபின் இதயம் தளர்ந்து விரியும் வேகமும் இதே வரிசையில்தான் குறைந்திருந்தது.

குறைகள் உண்டு. ஒருவரையே முன்னும் பின்னும் தொடர்ந்து பார்க்கவில்லை. எவ்வளவு எடுத்தார்கள் என்பதற்கு அவர்கள் வாய்மொழிதான் ஆதாரம். நிறுத்தியவர்களின் இதயம் தேறியதா, முதலிலேயே நன்றாக இருந்ததா என்பதும் இதில் தெளியாது. ஆயினும் இரு தரப்பாரும் எடை தூக்குபவர்களே. ஆகவே பழியைப் பயிற்சியின் மேல் போட முடியாது. இந்தக் குறைகளால் எண்களின் துல்லியம் தளரலாம். 11 புள்ளி இடைவெளியை ஒதுக்கிவிட முடியாது.

எதிர்வாதமாக 2023இல் வெளிவந்த டிராவர்ஸ் ஆய்வைக் காட்டுவார்கள். டெஸ்டோஸ்டிரோன் குறைந்த, இதய நோயோ அதற்கான அபாயமோ உள்ள, 45 முதல் 80 வயது வரையிலான 5,200க்கும் மேற்பட்ட ஆண்களில் ஒரு பாதிக்கு ஹார்மோன் ஜெல், மறுபாதிக்கு வெற்று ஜெல். மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் மூன்றும் சேர்ந்து ஹார்மோன் தரப்பில் 7.0 சதவீதம், மறுதரப்பில் 7.3. ஆறுதலான முடிவுதான். ஆனால் அங்கே கொடுத்தது குறையை நிரப்பும் அளவு மட்டுமே. அதிலும் சீரற்ற இதயத்துடிப்பும் நுரையீரலில் ரத்தக்கட்டியும் ஹார்மோன் தரப்பில் கூடின; பங்கேற்றவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் மருந்தை இடையிலேயே விட்டார்கள். பம்பிங் அந்த ஆய்வின் முதன்மைக் கேள்வியும் அல்ல. உடம்பு கட்ட ஊசி போடுபவருக்கு அதில் நற்சான்று எதுவும் இல்லை.

ஆகவே தீர்ப்பு இது: குறைபாடு உறுதியானவருக்கு மருத்துவர் கண்காணிப்பில் தரும் ஹார்மோனை நியாயமாக ஏற்கலாம், உடம்பு கட்டுவதற்காக அளவுமீறி ஏற்றும் ஸ்டீராய்டு இதயத் தசையைப் பலவீனப்படுத்துகிறது என்று நம்பப் போதிய காரணம் உண்டு. எடுத்துக்கொண்டிருப்பவர் மூச்சிரைப்பு வரும்வரை காத்திராமல் ஒரு எக்கோ எடுக்க வேண்டும். உடலின் சொந்த டெஸ்டோஸ்டிரோன் சுரப்பு அடங்கிப்போயிருக்கும் என்பதால், மருத்துவரின் துணையோடு நிறுத்த வேண்டும்.