தேர்ந்தெடுத்தலும் திறனாய்வே

ஒரு படைப்பாளர் தம் படைப்புகளைத் தாமே தொகுக்குங்கால் திறனாய்வாளராகவும் ஆகிவிடுகிறார். எதனைக் கொள்வது, எதனைத் தள்ளுவது, எதனை எதன்பின் வைப்பது என்னும் மூன்று வினாக்களுக்கும் அவர் விடை கூறியாக வேண்டும். நம் எட்டுத்தொகையில் பெரும்பாலும் பாடியோர் வேறு, தொகுத்தோர் வேறு. பாடியவரே தொகுத்தால் என்ன நேரும் என்பதற்கு இசைத்துறையில் நல்லதொரு சான்று உண்டு. கனடாவில் பிறந்த பாடகரும் பாடலாசிரியருமான நீல் யங் 1977இல் வெளியிட்ட 'டெக்கேட்' என்னும் தொகுப்பே அது.

அமெரிக்க நாட்டுப்புற மரபில் கிளைத்த கன்ட்ரி இசையை ராக் இசையோடு இணைத்தவர்களுள் யங் குறிப்பிடத்தக்கவர். 1966 முதல் 1976 வரை அவர் பஃபலோ ஸ்பிரிங்ஃபீல்ட் குழுவிலும், தனித்தும், பிறரோடு சேர்ந்தும் பாடியவற்றுள் 35 பாடல்கள் இதன் மூன்று இசைத்தட்டுகளில் இடம்பெற்றுள்ளன. அவற்றுக்குத் தம் கையெழுத்திலேயே குறிப்புகளும் வரைந்துள்ளார்.

பாடல்கள் பெரும்பாலும் கால வரிசையிலேயே செல்கின்றன. அவ்வாறாயின் இதில் திறனாய்வு எங்குளது என மாணாக்கர் வினவலாம். வரிசை சற்றே பிறழும் இடத்தில் உளது என்பதே விடை. 1972இல் வெளிவந்த 'ஹார்வெஸ்ட்' என்னும் இசைத்தொகுதி யங்கிற்குப் பெரும்புகழ் ஈட்டித் தந்தது. அதில் உள்ள 'ஹார்ட் ஆஃப் கோல்ட்' அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. அப்பாடலும் அத்தொகுதியின் வேறு மூன்று பாடல்களும் 'டெக்கேட்'டின் இரண்டாம் தட்டில் உள்ளன. ஆனால், போதை ஊசியால் மாந்தர் அழிவதைக் கூறும் 'தி நீடில் அண்ட் தி டேமேஜ் டன்' என்னும் பாடலை மட்டும் அவற்றினின்று பிரித்து, மூன்றாம் தட்டின் முதலில் வைத்துள்ளார். அதனையடுத்து வருவது 'டுநைட்ஸ் தி நைட்'. போதைப் பழக்கத்துக்கு ஆட்பட்டிருந்த இசைத்தோழர் டேனி விட்டன் 1972இலும், குழுப் பணியாளர் புரூஸ் பெர்ரி 1973இலும் மறைந்த துயரில் பிறந்த தொகுதியின் தலைப்புப் பாடல் இது. முன்னதை எச்சரிக்கையாகவும் பின்னதை இரங்கலாகவும் ஒருங்கே கேட்கையில், புகழுக்குப்பின் யங் ஏன் இனிய பாதையை விட்டு விலகினார் என்பது தெளிவாகிறது. ஒரு பாடலை இடம் மாற்றியே இதனை உணர்த்திவிட்டார்.

குறையும் உண்டு. அவ்விலகலின் முதற்படியான 'டைம் ஃபேட்ஸ் அவே' என்னும் 1973ஆம் ஆண்டு மேடைப் பதிவினின்று ஒரு பாடல்கூட இதில் இல்லை. யங் விரும்பாத தொகுதி அது. தம் விருப்பு வெறுப்பைக் கடந்து தம்மை நோக்குதல் எளிதன்று என்பதற்கு இவ்விடுபாடே சான்று.

பின்னாளில் அவர் 'ஆர்க்கைவ்ஸ்' என்னும் பெருந்தொகுப்பை வெளியிடலானார். முதற்பகுதி 2009இலும், இரண்டாவது 2020இலும், மூன்றாவது 2024இலும் வந்தன. 1972 முதல் 1976 வரையிலான காலத்துக்கு மட்டுமே 10 குறுந்தகடுகள் ஒதுக்கப்பட்டுள்ளன. ஆய்வாளருக்கு அது கருவூலம். ஆயினும், இப்பாடகரைப் புதிதாய் அறியப் புகுவோர்க்கு மூன்று தட்டுகளே தக்க வாயில். ஏனெனில், அவற்றில் தெரிவும், தெரிவுக்குரிய காரணமும் புலனாகின்றன.

மாணாக்கர்க்குப் பாடல்களைத் தொகுத்தளிக்கும் ஆசிரியர்க்கும் இது பொருந்தும். சேர்த்தவற்றுக்கு மட்டுமன்றி, வரிசைக்கும் விடுபட்டவற்றுக்கும் காரணம் கூற இயலுமா என நம்மை நாமே வினவிக்கொள்ளல் வேண்டும்.