அலை மதிலும் அகழிப் பாறையும்: ஷாத்தோ கையார் முற்றுகை

பிரான்சின் வடக்கே, சேன் நதி வளைந்து திரும்பும் லெஸ் ஆந்தலி என்னும் ஊருக்கு மேல், ஆற்று மட்டத்திலிருந்து ஏறத்தாழ 90 மீட்டர் உயர்ந்து நிற்கும் சுண்ணாம்புப் பாறை முனையில், இங்கிலாந்து மன்னரும் நார்மண்டியின் கோமகனுமான முதலாம் ரிச்சர்ட் 1196 முதல் 1198 வரை எழுப்பிய கோட்டையே ஷாத்தோ கையார். நார்மண்டியின் தலைநகரான ரூவானுக்குச் செல்லும் ஆற்று வழியைப் பிரெஞ்சு மன்னர் இரண்டாம் ஃபிலிப்பிடமிருந்து காப்பதே அதன் நோக்கம். மலைமுனையை எதிரி நிலவழியாக அணுகக்கூடிய ஒரே திசையில் முக்கோணமான புறக்கோட்டையும், அகழிக்கு அப்பால் நடுக்கோட்டையும், அதற்குள் இன்னோர் அகழி சூழ்ந்த உள்கோட்டையும் அமைந்திருந்ததால், ஒன்றை இழந்தாலும் அடுத்ததற்குப் பின்வாங்கிப் போரைத் தொடர முடிந்தது.

இக்கோட்டையின் கலைச்சிறப்பு முழுவதும் உள்கோட்டை மதிலில் திரண்டிருக்கிறது. நேர்ச்சுவராக எழுப்பாமல், அரைவட்டப் புடைப்புகளை அடுத்தடுத்து நெருக்கி நிறுத்தி, சுவர் முழுவதையும் அலை அலையாக வளைத்திருக்கிறார்கள். எறிகற்கள் வளைவில் பட்டுச் சறுக்கிப் போகும் என்பது இதன் ஒரு பயன்; சுவரடியில் பதுங்கும் எதிரியை ஏதேனும் ஒரு புடைப்பிலிருந்து பக்கவாட்டில் அம்பெய்து வீழ்த்தலாம் என்பது அதனினும் பெரிய பயன். இப்படி வளைந்த மதிலில் கூரிய மூலைகள் இல்லை; அத்தகைய மூலைகளின் ஆபத்தை இங்கிலாந்தின் ரோச்செஸ்டர் கோட்டை பின்னர் மெய்ப்பித்தது: 1215இல் ரிச்சர்டின் தம்பியான மன்னர் ஜான் அங்கே சதுரக் கோபுரத்தின் ஒரு மூலைக்கு அடியில் சுரங்கம் தோண்டி, மரத் தூண்களால் முட்டுக் கொடுத்து, உண்ண அவ்வளவாக உகக்காத கொழுத்த பன்றிகள் 40ஐ வரவழைத்து, அவற்றின் கொழுப்பால் தூண்களை எரித்து மூலையைச் சரித்தார்; பின்பு அம்மூலையை உருண்டையாகவே திரும்பக் கட்டினார்கள்.

1203 இலையுதிர்காலத்தில் ஃபிலிப் முற்றுகையிட்டபோது ரிச்சர்ட் உயிரோடில்லை. அவருடைய தம்பி ஜானின் சார்பில் ரோஜர் டி லேசி கோட்டையைக் காத்தார். ஜான் ஆற்றிலும் நிலத்திலும் ஒருங்கே அனுப்பிய மீட்புப் படைகள் ஒரே நேரத்தில் வந்து சேராததால் முறியடிக்கப்பட்டன. ஃபிலிப் உடனே மோதாமல் கோட்டையைச் சுற்றி அகழி வெட்டி, மரக் கோபுரங்கள் நிறுத்திப் பட்டினிக்கு வழி செய்தார். உணவு குறைந்ததும், கோட்டைக்குள் அடைக்கலம் புகுந்திருந்த ஊர்மக்களை டி லேசி வெளியேற்றினார். முதலில் வந்தவர்களைப் போகவிட்ட பிரெஞ்சுக்காரர்கள் பின்னர் வந்தவர்களை மறித்தார்கள். இரு படைகளுக்கும் நடுவே குளிர்காலம் முழுதும் சிக்கிப் பலர் பசியால் மாண்டனர். எந்தக் கட்டடக் கலையின் மேன்மையும் இதற்கு ஈடுசெய்யாது.

1204 பிப்ரவரியில் நேரடித் தாக்குதல் தொடங்கியது. புறக்கோட்டை அகழியில் இறக்கிய ஏணிகள் எதிர்ப்பக்கச் சரிவுக்கு எட்டாததால், வீரர்கள் சுண்ணாம்புப் பாறையில் குறுவாளால் படி குடைந்து ஏறி, முன்கோபுரத்தின் அடியைத் தோண்டி வீழ்த்தினார்கள். நடுக்கோட்டைக்குள் நுழைந்த கதை பலராலும் விரும்பிச் சொல்லப்படுவது: ஜான் பிற்பாடு சேர்த்துக் கட்டிய கட்டடத்தின் திறப்பு வழியே ஒரு சிறு குழு உள்ளே புகுந்தது. அது தேவாலயச் சாளரம் என்பர் சிலர், கழிப்பறைத் துளை என்பர் சிலர். எதுவாயினும், ரிச்சர்டின் வடிவமைப்பைப் பலவீனமாக்கியது பின்வந்தவரின் ஒட்டுவேலையே.

அலை மதிலுக்கு வந்த கேடோ ரிச்சர்டே விட்டுவைத்தது. உள்கோட்டை வாயிலுக்கு எதிரே அகழியின் குறுக்கே வெட்டாமல் விட்டிருந்த இயற்கைப் பாறையே பாலமாகப் பயன்பட்டது. மதிலடியில் சுரங்கம் தோண்டிய பிரெஞ்சு வீரர்கள் அதன் மறைவில் நின்று மேலிருந்து வந்த கல்லுக்கும் அம்புக்கும் தப்பினார்கள். அவர்களை மடக்கக் காவலர்கள் உள்ளிருந்து எதிர்ச்சுரங்கம் தோண்டியது தங்கள் சுவரையே மேலும் வலுவிழக்கச் செய்தது. பின்பு பெரும் கல்லெறி பொறியின் அடியில் அது பிளந்தது. இறுதிப் புகலிடமாகக் கட்டப்பட்ட உயர்கோபுரத்துக்குள் ஒதுங்காமலே காவலர்கள் 1204 மார்ச் 6 அன்று பிடிபட்டார்கள். ஜூனில் ரூவான் பணிந்தது.

1599இல் நான்காம் ஹென்றி கோட்டையை இடிக்க ஆணையிட்ட பின்னும் அலை மதிலின் பெரும்பகுதி நிற்கிறது. அங்கே செல்பவர்கள் மதிலை மட்டும் வியந்து திரும்பாமல், வாயிலின் கீழ் அகழியில் இறங்கி அந்தப் பாறையையும் பார்த்துவிட வேண்டும்.