மறைந்து நின்ற அம்பு

இராமேசுவரம் செல்லும் யாத்திரிகர் எவரும் மணல் இலிங்கத்தின் கதையைக் கேளாமல் திரும்புவதில்லை. இராவணன் பார்ப்பனனாம், அவனைக் கொன்ற பழி தீர இராமன் சிவனைப் பூசித்தானாம். தலபுராணம் சாற்றுகிறது. நாம் ஒன்று கேட்கிறோம்: மறைந்து நின்று வாலியின் மார்பிலே அம்பு எய்தானே, அந்தப் பழிக்கு இந்தக் கதையிலே பரிகாரம் எங்கே?

புராணங்களில் சூதுக்குப் பஞ்சமில்லை. குள்ளப் பார்ப்பனனாக வந்து, மூன்றடி மண் கேட்டு, மாவலியின் அரசையே பறித்தான் திருமால். கௌதமன் உருவிலே வந்து அகலிகையைக் கெடுத்தான் இந்திரன். அவனே பார்ப்பன வேடம் பூண்டு கர்ணனின் கவசத்தையும் கவர்ந்தான். விண்ணவன் செய்தால் திருவிளையாடல். மண்ணவன் செய்தால் மாபாதகம்! இதுவா நீதி?

சூதுக்கு வேறொரு முகமும் உண்டு. சிங்கத்தைக் கிணற்றிலே வீழ்த்திய முயலைக் குழந்தையும் அறியும். ஆப்பிரிக்க அகான் மக்களின் கதைகளிலே அனான்சி என்னும் சிலந்தி, தன்னினும் வலியவரை மதியால் மடக்குகிறது. அடிமைக் கப்பல்களில் அடைக்கப்பட்டோருடன் அக்கதை சமைக்காவுக்கும் சென்றது. சாட்டைக்கு அஞ்சி வாழ்ந்தோர்க்கு அது சிரிப்பும் தந்தது, சிந்தனையும் தந்தது. எளியவன் கையில் சூது கேடயம்; வலியவன் கையிலோ கொடுவாள்.

எனவே, பழங்கதையைத் தொடும் எழுத்தாளன் முதலில் கேட்க வேண்டியது இது: சூதினால் இழந்தவன் யார்? அவன் வாய் திறக்கிறானா? கம்பர் வாலியைப் பேச வைத்தார். கூரிய கேள்விகளைத் தொடுக்க வைத்தார். ஆனால் இறுதியில் அவனையே எய்தவனைப் போற்றவும் வைத்துவிட்டார். கேள்வி கிளம்பியது, பக்தி அதன் கழுத்தை நெரித்தது. புதுமைப்பித்தனோ 1943-இல் எழுதிய 'சாப விமோசனம்' கதையில் வளைந்து கொடுக்கவில்லை. சீதையைத் தீக்குளிக்கச் செய்தான் இராமன் என்று கேட்ட அகலிகை மீண்டும் கல்லாகிறாள். ஏமாற்றப்பட்டவளின் தீர்ப்பு அது!

புலவர் குழந்தையின் 'இராவண காவியம்' 1946-இல் வெளிவந்தது. 1948-இல் தடை செய்யப்பட்டது. 1971-இல்தான் தடை நீங்கியது. கதையைத் தோற்றவன் பக்கம் நின்று சொன்னதற்கே அரசு அஞ்சியது என்றால், கற்பனையின் வலிமையை நாம் உணரலாம்.

ஆனால் தோழர்களே, இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. இராமனைக் கயவனாக்கி, இராவணனைக் குற்றமற்ற குன்றாக்கிவிட்டால் போதும், கதை பிறந்துவிட்டது என்று நம் இளைஞர் சிலர் எண்ணுகின்றனர். துறவி வேடத்திலே வந்து சீதையைக் கவர்ந்தவன் இராவணன் என்பதும் வால்மீகி சொல்லும் செய்திதானே? அதை மறைத்து எழுதினால், நாமும் மரத்தின் பின்னே மறைந்து நிற்பவர்களாகிறோம். இரு வஞ்சனைக்கும் நடுவே நின்றவள் சீதை. அவளைப் பேச விடுங்கள்!

அளவுகோல் ஒன்றாக இருக்கட்டும். பழைய தெய்வத்தை இறக்கிய பீடத்தில் புதிய தெய்வத்தை ஏற்றுவது பகுத்தறிவாகாது. பீடம் காலியாகவே இருக்கட்டும், பேனா ஓயாதிருக்கட்டும்!