இனம் என்கிற சொல்லும் ஒரு கவிதையும்

தமிழில் 'இனம்' என்ற சொல்லுக்கு வேலை அதிகம். இலக்கணக்காரன் எழுத்தைப் பிரிக்க அதை வைத்திருக்கிறான், சந்தைத் தரகன் மாட்டைப் பிரிக்க, மேடைப் பேச்சாளன் மனிதரைப் பிரிக்க. 1856இல் கால்டுவெல் வெளியிட்டது மொழிகளின் ஒப்பிலக்கணம்தான். நூலிலிருந்து மேடைக்கு வந்து சேர்வதற்குள் மொழிக்குடும்பம் ரத்த உறவாகிவிட்டது. இனத்தைச் சொன்னால் எல்லோரையும் சொல்லியாகிவிட்டது என்றொரு நினைப்பு அதன்பின் நம் பொதுவாழ்வில் நடமாடுகிறது. கவியரங்கங்கள் அதை வைத்து நன்றாகவே பிழைத்தன.

எங்கள் பக்கத்தில் இது செல்லுபடியாவதில்லை. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் முதலாளி வீட்டில் உருது பேசுவார், முஷாயிராவுக்கு முன்வரிசையில் உட்காருவார், தொழிலாளியிடம் தமிழில் பேசுவார். தொட்டியில் இறங்கித் தோலை அலசுகிறவன் பேசுவதும் தமிழ். ஆனால் அதே தமிழ் பேசும் ஊர்த்தெரு அவனைச் சேரியில் வைத்திருக்கிறது. வங்கிக் கௌண்டரில் உட்காருகிற எனக்கு உருதுக் கையெழுத்து, தெலுங்குக் கையெழுத்து, இடது பெருவிரல் ரேகை எல்லாம் ஒரே நாளில் வந்துபோகும். இதில் இனம் யார் என்று கேட்டால் பேச்சாளர் சோடா குடிக்கிறார்.

மொழி வேறு, ஆனாலும் பக்கத்து வீட்டுக்காரன் என்பது இங்கத்திய நிலை. இலங்கையில் இது தலைகீழ். அங்கே முஸ்லிம்களில் பெரும்பாலோருக்குத் தாய்மொழி தமிழ், ஆனாலும் வேறு. 1888இல் பொன்னம்பலம் இராமநாதன், சோனகர் மதம் மாறிய தமிழரே என்று கட்டுரை வாசித்தார். சட்டசபையில் அவர்களுக்குத் தனி இடம் வேண்டியதில்லை என்பதற்கு அது வசதியான வாதம். 1907இல் ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் அதை மறுத்து, அரேபிய வழியை முன்வைத்தார். இருவரும் பேசியது ரத்தத்தை. நடுவில் கிடந்த மொழி யாருக்கும் ஒரு பொருட்டாகப் படவில்லை.

அதைப் பொருட்டாக எடுத்துக்கொண்டவர்கள் கவிஞர்கள். 1981இல் யாழ்ப்பாண நூலகம் கொளுத்தப்பட்டது. சுமார் 97,000 நூல்கள் போயின. அதன்மேல் வந்த எழுத்துக்களில் இன்றும் நிற்பது எம். ஏ. நுஃமானின் 'புத்தரின் படுகொலை'. எழுதியவர் கல்முனைக்குடி முஸ்லிம். அப்போது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர்.

அந்தக் கவிதையில் இனம் என்ற சொல் கிடையாது. தமிழன் என்பதும் இல்லை. நூலகப் படிக்கட்டருகே செத்துக் கிடப்பவர் புத்தர். கொன்றவர்கள் தங்கள் செய்கைக்குச் சொல்லும் காரணம் ஒரு அலுவலக விளக்கம் போல் சாதாரணமாக வருகிறது. பயங்கரம் அந்தச் சாதாரணத்தில் இருக்கிறது. குரலை உயர்த்தவில்லை, சாபமிடவில்லை. எரித்தவனுடைய தெய்வத்தையே சாட்சியாகக் கூப்பிட்டு, நீ முதலில் கொன்றது உன்னுடையதை என்கிறது. ஆகவே அது எதிர்த் தரப்பிலும் மனசாட்சியுள்ளவனிடம் போய்ச் சேரக்கூடிய கவிதை. நம் மேடைகளில் அது வாசிக்கப்படும்போது இந்தக் குணம் முதலில் பறிபோகிறது. சிங்களவனுக்கு எதிரான ஒரு சான்றுப் பத்திரமாக, கைதட்டல்களுக்கு இடம் விட்டு, அதைப் படிக்கிறார்கள். எழுதியவரின் பெயர் வரும். அந்தப் பெயர் எந்தச் சமூகத்திலிருந்து வருகிறது என்பது பேச்சில் வராது.

வந்திருக்க வேண்டிய சமயம் ஒன்று இருந்தது. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்களை, 70,000க்கும் மேற்பட்டவர்களை, வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். போனவர்கள் பேசிக்கொண்டு போனது தமிழில். ஈழத்திலேயே சிலர் வாய்திறந்தார்கள். நூலகத்துக்காகக் கவிதை வாசித்த நம் மேடைகள் அன்று மௌனம் சாதித்தன. கவிதை நம்முடையது, கவிஞனின் ஜனங்கள் நம்முடையவர்கள் அல்ல என்கிற இந்தக் கணக்கை எந்தப் பேரேட்டில் எழுதுவது?

இலக்கியம் பொதுவாழ்வில் தலையிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். தலையிட்ட கவிதையை இப்படித்தான் உபயோகிக்கிறார்கள். நூலகம் எரிந்த அதே 1981இல் நுஃமான் மொழிபெயர்த்த பலஸ்தீனக் கவிதைகளும் நூலாக வந்தன. வீட்டுச் சாவியோடு துரத்தப்பட்ட மனிதர்களைப் பற்றிய அந்தப் புத்தகத்தை ஈழத்து இளம் கவிஞர்கள் ஆசையோடு படித்தார்கள். ஒன்பது வருஷம் கழித்து அதே சாவிகள் யாழ்ப்பாணத்துச் சோனகத் தெருவில் வாங்கிவைக்கப்பட்டன.

ஜூன் மாதத்தில் நூலக நினைவுக் கூட்டங்களில் 'புத்தரின் படுகொலை' மறுபடியும் வாசிக்கப்படும். அக்டோபர் கடைசியில் அந்த மண்டபங்கள் காலியாக இருக்கின்றனவா என்று யாராவது விசாரித்து எழுதலாம்.