தூணைச் சாய்ப்பவன்

‘ஹெர்குலிஸ்’ (1958) படத்தில் ஸ்டீவ் ரீவ்ஸ் வாயைத் திறந்தால் வருவது அவருடைய குரல் அல்ல. ஆங்கில வடிவத்திலும் அல்ல, அவரோ அமெரிக்கர். 1950-இன் மிஸ்டர் யூனிவர்ஸிடம் யாரும் குரலை எதிர்பார்க்கவில்லை.

யாங்கோனில் கரண்ட் இருக்கும் நேரத்துக்குள் ஒரு படத்தை முடித்தாக வேண்டும். ஒன்றரை மணிநேரத்துக்குச் சற்று மேலே ஓடும் இந்த இத்தாலிய வாள்சண்டைப் படங்கள் அதற்குத் தோது. கொடுங்கோலன், மயக்கும் அரசி, அட்டைப் பாறை, எண்ணெய் மினுங்கும் மார்பு. சிரிப்பு வரும், ஆனால் பாதியில் நிறுத்த முடிவதில்லை.

காரணம் பெரும்பாலும் மாரியோ பாவா. ‘ஹெர்குலிஸ்’ படத்தின் ஒளிப்பதிவாளர் அவர். 1961-இல் தானே இயக்கிய ‘ஹெர்குலிஸ் இன் த ஹான்டட் வேர்ல்ட்’ படத்தில், கையில் காசில்லாமல், புகையையும் சிவப்பு நீல விளக்குகளையும் வைத்தே பாதாள லோகத்தைக் கட்டிவிடுகிறார். இன்றைய கணினி மாயங்களைவிட அது எனக்கு நம்பும்படி இருக்கிறது. (நானும் கணினித் தொழில்தான் செய்கிறேன்.)

சிக்கல் வேறு இடத்தில். ‘ஹெர்குலிஸ்’ முடிவில் நாயகன் சங்கிலியைத் தூண்களில் சுற்றி இழுக்கிறான். அரண்மனை முகப்பு சரிந்து படைவீரர்கள் நசுங்குகிறார்கள். அழகான காட்சி. அந்த நகரத்து மக்கள் எங்கே? இவ்வகைப் படங்களில் அவர்களுக்கு உள்ள வேலை ஓடுவதும் அலறுவதும்தான். விடுதலை ஒருவனுடைய தோள்பட்டையிலிருந்து வருகிறது. எப்படியும் வந்துவிடும் என்பதால் பதைப்பும் இல்லை. 2021 பிப்ரவரியில் இரவு எட்டு மணியானால் சட்டிபானை தட்டிய ஊர் இது. தோள்வலிமையோடு ஒருவரும் வரவில்லை. சிறுவயதில் கைதட்டிய இடத்தில் இப்போது கை எழவில்லை.

அதே 1958 ஆகஸ்டில் வந்த ‘நாடோடி மன்னன்’ ஏறக்குறைய இதே சரக்கு. எம்.ஜி.ஆர். தயாரித்து, இயக்கி, இரட்டை வேடத்தில் வாள் சுழற்றினார். எனக்கு இரண்டு இரவுகள் பிடித்தன. குறைகள் ஏராளம்: நீளம், நடுவில் கறுப்பு வெள்ளையிலிருந்து வண்ணத்துக்குத் தாவல், கட்சிப் பிரச்சாரம். ஆனாலும் மார்த்தாண்டனின் அரியணையில் நாடோடி வீராங்கன் அமர்ந்ததும், சண்டையை நிறுத்திவைத்துச் சட்டங்களை அறிவிக்கிறான். சினிமாவாகப் பார்த்தால் அலுப்பான காட்சி. சட்டமும் மேலிருந்துதான் இறங்குகிறது, உண்மைதான். ஆனால் அரண்மனை கைக்கு வந்த பின் என்ன செய்வது என்ற கேள்வியாவது அங்கே எழுகிறது. ரீவ்ஸின் ஹெர்குலிஸ் அதற்குள் காதலியோடு கப்பலேறிப் போய்விடுகிறான்.